மூன்றாம் வரைவு

மதிப்பிற்குரிய மதர் ஜெனரல் அவர்களுக்கு,
மூக்கையூர்ப் பங்குப் பேரவைப் பொருளாளர்
தொபியாஸ் தல்மேதா எழுதிக்கொள்வது.

இதுவரைக்கும் சரி என்கிறாள் அக்கா.

சோழகம் அடித்தால் கோபுரத்துச் சாந்து உதிர்கிறது,
போன மாதம் ஒரு துண்டு நடுப்பூசையில்
பீடத்தின் மேலேயே விழுந்தது,
தாங்கள் விற்கவிருக்கும் மடத்தின் தொகையில்
எங்களுக்கும் ஒரு சிறு பங்கு…

'விற்கவிருக்கும்' என்ற சொல்லின் அடியில்
செபமாலைச் சிலுவையின் முனையால்
கோடு கீறுகிறாள்.

பதினேழு வருஷம் கனடாவில் இருந்தவள்.
சலேத்து என்று இங்கே தண்ணீர் ஊற்றினார்கள்,
க்ளோத்தில்து என்று திரும்பி வந்திருக்கிறாள்.
நான் அந்தப் பெயரைச் சொன்னால்
பாரில் மாட்டின நங்கூரம் மாதிரி நாக்கு இழுபடுகிறது.
விடுப்பு நாற்பது நாள்.
அதற்குள் அவள் கையால் சிபாரிசு வாங்கிவிட வேண்டும்
என்பது சாமியாரின் கணக்கு.
என் கணக்கும்.

அவள் சொல்வதோ வேறு.
கண் எட்டும் மட்டும் கோதுமையாம்,
நம் கடல்போலவே அலை அடிக்குமாம், உப்புதான் இல்லை.
நடுவே செங்கல் மடம்.
பின்னால் போர்டிங் பள்ளிக்கூடம் இருந்த இடம்
இப்போது வெறும் புல்.
புல்லில் ஆரஞ்சுக் கொடிகள், சின்னச் சின்னதாய்,
வலைக்கு மிதவை கட்டின மாதிரி.

புல்லுக்கு எதற்கு மிதவை என்றேன்.

மிதவை எதற்குக் கட்டுவாய் நீ,
கீழே என்ன இருக்கிறதென்று
மேலே இருப்பவனுக்குத் தெரியத்தானே.

மதர் ஒடிலுக்குத் தொண்ணூற்று நான்கு.
குளிப்பாட்டுவது, உடுத்துவது, நன்மை ஊட்டுவது
எல்லாம் அக்காதான்.
ராத்திரித் தூக்கத்தில் மதர் ஆஜர் எடுப்பாளாம்.
பெயர் கிடையாது, எண்.
பதினெட்டு. இருபத்தாறு. நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றில் நின்றுவிடும்.
திரும்பவும் கூப்பிடும்: நாற்பத்தொன்று.
ஒருநாள் இருட்டுக்குள் அக்காவே
'உள்ளேன், மதர்' என்று சொல்லிவிட்டாள்.
மதர் தூங்கிப்போனாள்.

தொபியாஸ், இதை எந்தக் கட்டளைக்குக் கீழே வைத்துப்
பாவசங்கீர்த்தனம் பண்ணுவேன்?
யார் வாயால் பதில் சொன்னேன் நான்?

எனக்குத் தெரிந்தது சிமெண்டு, கம்பி, கொத்தனார் கூலி.
நம்மையும்தான் கும்பலாய் நிறுத்தி முழுக்காட்டினார்கள்,
தல்மேதா என்று ஒட்டிவிட்டார்கள்,
நாம் என்ன கெட்டா போனோம் என்றேன்.

நம் பிள்ளையை மடியிலிருந்து
யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.
நாக்கில் சோப்பு தேய்க்கவில்லை.
அருள் நிறைந்த மரியே என்று
தமிழில்தானே தம்பி அழுதோம்.

கொஞ்ச நேரம் மீன் ஏலக் குரல் மட்டும் கேட்டது.

அங்கே மடத்து நிலம் எவ்வளவு என்றேன், சும்மா.
அறுநூறு ஏக்கர்.
பட்டா?
மடத்தின் பேரில்.
அதற்கு முன்னால் யார் பேரில் என்று
வாயில் வந்த கேள்வியை நான் கேட்கவில்லை.
தாசில்தார் ஆபீசில் என்னிடம் ஆறு தடவை
கேட்கப்பட்ட கேள்வி அது.
கோயிலுக்கும் கரைக்கும் நடுவே
எங்கள் நூற்றுப் பதினாலு வீடும்
இன்றைக்கும் புறம்போக்கு.
எத்தனை தலைமுறை என்று சொன்னேன்,
தாள் எங்கே என்றார்கள்.
கல்லறைத் தோட்டத்தைக் காட்டினேன்.
அது தாள் இல்லை என்றார்கள்.

அக்கா கொடியில் காய்ந்த அங்கியை எடுக்கப் போனாள்.
நான் 'சிறு பங்கு' வரியை அடித்தேன்.
சாமியார் கோபிப்பார். கோபிக்கட்டும்.

மதர் ஜெனரல் அவர்களே,
தங்கள் பழைய பள்ளிப் பதிவேட்டில்
நாற்பத்தொன்று என்ற எண்ணுக்கு நேரே
ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுகிறேன்.
தாங்கள் வைத்த பெயர் வேண்டாம்.
வீட்டில் கூப்பிட்டது.
தெரியாதென்றால் தெரியாதென்று
ஒரு வரி எழுதினால் போதும்.

கோபுரம் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.